முதிய நோயாளியும் செவிலியர் பணியும்

2011ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 60 வயதை எட்டியோரும் கடந்தோரும் ஏறத்தாழ 10.4 கோடிப் பேர். மருத்துவமனைப் படுக்கைகளில் இவர்கள் பெறும் பங்கு மக்கள் தொகையில் இவர்களது பங்கைவிட அதிகம். நோய் தீர்ந்து வீடு திரும்பும் முதியவர் தாமே எழுந்து நடக்கிறாரா, பிறர் தூக்கி உட்கார்த்த வேண்டியவராகிறாரா என்பது மருந்தை மட்டும் பொறுத்ததன்று. வார்டில் அவரை எவ்வாறு நடத்தினர் என்பதையும் அது பெரிதும் பொறுத்துள்ளது.

தலைநகரின் கரோல் பாக் பகுதியை எடுத்துக்கொள்வோம். பிரிவினைக்குப் பின் பஞ்சாபிலிருந்து வந்தோர் குடியமர்ந்த இப்பகுதியில், மத்திய அரசுப் பணிக்காக வந்த தமிழ்க் குடும்பங்களும் ஏராளமாக வாழ்ந்தன. லாகூரில் 1921இல் தோன்றிய கங்கா ராம் மருத்துவமனை, 1954 முதல் அருகிலுள்ள ராஜேந்திர நகரில் இயங்குகிறது. பூசா சாலையிலும் பெரிய மருத்துவமனை உண்டு. மருத்துவ வசதிக்கு இங்குக் குறைவில்லை. ஆனால் வீடுகள்? குறுகிய சந்துகளில் மாடிமேல் மாடியாக எழுந்தவை, பழைய கட்டடங்கள் பலவற்றில் மின்தூக்கி இல்லை, படிகளோ செங்குத்தானவை.

இத்தகைய வீடொன்றின் இரண்டாம் மாடியில் வாழும் 75 வயது ஓய்வூதியர் ஒருவர், நுரையீரல் அழற்சியால் மருத்துவமனையில் சேர்வதாகக் கொள்வோம். அதுவரை பால் வாங்கத் தாமே இறங்கி ஏறியவர். பத்து நாட்களில் காய்ச்சல் தணிகிறது, மார்பு தெளிகிறது. ஆனால் கட்டிலைவிட்டு இறங்கினால் கால் நடுங்குகிறது. நல்ல உடல்நலம் கொண்ட முதியோரைப் பத்து நாட்கள் படுக்கையில் இருத்தி அமெரிக்காவில் நடத்திய ஆய்வொன்று 2007இல் வெளியாயிற்று. கால்களின் தசைத் திரளில் மட்டும் சராசரியாக ஏறத்தாழ ஒரு கிலோ குறைந்திருந்தது. நோயே இல்லாதவர்க்கு இந்நிலை என்றால், நோயுற்றவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வுண்மை புதிதன்று. லண்டனை அடுத்த ஒரு மருத்துவமனையில், தீராதவர் என ஒதுக்கப்பட்டுப் படுத்துக்கிடந்த முதியோரை, 1930களின் நடுவிலிருந்து மார்ஜரி வாரன் என்னும் மருத்துவர் எழுப்பி நடத்தி, பலரை வீட்டுக்கு அனுப்பினார். படுக்கையால் விளையும் கேடுகளைப் பற்றி ரிச்சர்ட் ஆஷர் 1947இல் எழுதினார். ஆயினும் "பேசாமல் படுத்திருங்கள்" என்பதே இன்றும் நம் வார்டுகளில் அன்பின் மொழியாக வழங்குகிறது. உறவினரும் அதையே விரும்புகின்றனர். முதியவருக்குச் சோறு ஊட்டுவது மரியாதை எனக் கருதுகின்றனர். கை நடுங்கினாலும் அவரே எடுத்து உண்ணட்டும் என்று செவிலியர் சொன்னால் சில வேளைகளில் மனக்கசப்பும் நேர்கிறது.

செவிலியர் முதலில் அறிய வேண்டுவது, நோய்க்கு முன் அவர் எந்நிலையில் இருந்தார் என்பதாகும். இதற்கு 1965இல் வெளியான பார்த்தெல் அளவுகோல் பயன்படும். உண்ணல், குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லல், நடத்தல் முதலிய பத்துச் செயல்களுக்கு மொத்தம் 100 மதிப்பெண். அவற்றுள் படியேறுதலும் ஒன்று; கரோல் பாக் நோயாளிக்கு அதுவே தலையாய கேள்வி.

அடுத்து, அன்றாடச் சிறு செயல்கள். மருத்துவர் தடுக்காதவரை உணவு வேளையில் நாற்காலியில் அமர்த்துதல். படுக்கைக் கலத்தை நீட்டாமல், கைப்பிடித்துக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்லல். சிறுநீர்க் குழாயைத் தேவை தீர்ந்த அன்றே அகற்ற நினைவூட்டல். மூக்குக் கண்ணாடி, செவிக்கருவி, பல்செட்டு ஆகியவை பெட்டிக்குள் அடைபடாமல் கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும்.

மருத்துவமனையில் முதியோரைத் திடீரெனப் பற்றும் மனக்குழப்பமும் பெருங்கேடு. அமெரிக்காவில் 852 நோயாளிகளிடம் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வில், மருந்தைக் கூட்டாமல், நாள் கிழமை நினைவூட்டியும் நடக்கச் செய்தும் இரவில் உறங்கவிட்டும் நீர் அருந்தச் செய்தும் பேணியதால், இக்குழப்பம் 15 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதமாகக் குறைந்தது. தில்லித் தமிழர்க்கு இதில் மொழியும் சேர்ந்துகொள்கிறது. ஐம்பது ஆண்டு இந்தி பேசியவரும் காய்ச்சல் வேகத்தில் தாய்மொழிக்குத் திரும்புவதுண்டு. அவ்வேளையில் வார்டிலுள்ள கேரளச் செவிலியரின் மலையாளமே பலருக்கு ஊர்மொழியாகிறது.

இவற்றுக்குக் கருவிகள் வேண்டா; ஆட்களும் நேரமும் வேண்டும். போதனா மருத்துவமனைகளில் 3 நோயாளிகளுக்கும், பொது மருத்துவமனைகளில் 5 நோயாளிகளுக்கும் ஒரு செவிலியர் என்பது இந்தியச் செவிலியர் மன்றம் வகுத்த நெறி. அதனை எட்டாத வார்டுகள் பல. ஒருவரைக் கழிப்பறைக்கு நடத்திச் செல்லக் கால் மணி நேரம்; கலத்தை வைத்தெடுக்க மூன்று நிமிடம் என்று வைத்துக்கொண்டால், முப்பது பேரைக் கவனிப்பவர் எதைத் தேர்வார்? மருத்துவமனைக் கணக்கில் இது சிக்கனமாகவே தோன்றும். செலவு மறைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. வேலையை விட்டு வீட்டிலிருக்கும் மருமகளின் இழந்த ஊதியம், பகலிரவு உதவியாளருக்குத் தரும் கூலி, விழுந்து இடுப்பெலும்பு முறிந்து மீண்டும் சேர நேரும் செலவு ஆகியவை எந்த மருத்துவமனைப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

அரசின் முயற்சிகள் தொடங்கிப் பல ஆண்டுகளாயின. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978இல் முதியோர்க்கெனப் புறநோயாளர் பிரிவு ஏற்பட்டது. 2010-11இல் தொடங்கிய முதியோர் நலத் தேசியத் திட்டம், மாவட்ட மருத்துவமனைகளில் 10 படுக்கை வார்டுகளுக்கு வழிவகுத்தது. 70 வயதை எட்டிய அனைவருக்கும் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்டது. இவை சிகிச்சைச் செலவைத் தாங்குவன. நடக்கும் திறனைக் காப்பது வார்டின் நடைமுறையையே சார்ந்தது.

ஆகவே வீட்டுக்கு அனுப்பும் சீட்டில், மருந்துப் பட்டியலுக்குக் கீழே சேர்ந்த நாளின் பார்த்தெல் மதிப்பெண்ணையும் செல்லும் நாளின் மதிப்பெண்ணையும் எழுதச் செய்யலாம். நோயாளி எத்தனை படி ஏற வேண்டியவர் என்பதைச் சேரும் அன்றே கேட்டறிந்து, அனுப்புவதற்கு முன் மருத்துவமனைப் படிக்கட்டில் செவிலியர் துணையுடன் ஏறி இறங்கப் பழக்கலாம். இரண்டு மதிப்பெண்களையும் மாதந்தோறும் தொகுத்தால், எந்த வார்டுக்குக் கூடுதல் செவிலியர் தேவை என்பதை நிதிப் பிரிவினரும் எண்களிலேயே காண இயலும்.