வேலை எங்கே நிற்கிறது?

சித்தூரில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டறை வைத்திருக்கிறேன். மாங்கூழ் ஆலைகளுக்குக் கழுவு தொட்டி, கன்வேயர், டேங்க் செய்கிறோம். திருப்பதி லாட்ஜுகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் சமையல் மேடை, சிங்க் செய்கிறோம். என்னோடு சேர்த்து 11 பேர். வருஷத்தில் எங்களுக்கு இரண்டு கெடு உண்டு. தோத்தாபுரி மாங்காய் வண்டிகள் ஆலை வாசலில் வரிசைகட்டும் ஜூன் ஒன்று. திருப்பதியில் கூட்டம் நெரியும் புரட்டாசி இன்னொன்று. நம் டேங்க் தயாராகவில்லை என்று மாங்காய் பழுக்காமல் இருக்காது.

ரொம்ப நாள் ஒரு நோட்டும் வாட்ஸ்அப் குரூப்பும்தான் எங்கள் நிர்வாகம். ஒரு சீசனில் ஆலை ஒன்றிலிருந்து போன்: "மாங்கா வண்டி வந்து நிக்குது, உங்க டேங்க் எங்கய்யா?" டேங்க் எங்கள் முற்றத்திலேயே தார்ப்பாய் போர்த்தி 9 நாளாக நின்றிருந்தது. வெல்டிங், பஃபிங் எல்லாம் முடிந்துவிட்டது. வராதது ஒரே ஒரு வால்வு. கொள்முதல் பார்க்கும் பையன் ஆர்டர் போட்டுவிட்டான் என்று நான் நினைத்தேன். ஆலைக்காரர்களே கொடுப்பார்கள் என்று அவன் நினைத்தான். வால்வைப் பற்றி மேஸ்திரி குரூப்பில் கேட்ட கேள்வி, காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்து கிடந்தது.

அந்த வாரமே ஆன்லைனில் வேலைத் திட்ட மென்பொருள் தேட ஆரம்பித்தேன்.

முதல் முயற்சி படுத்தது

கண்ணில் பட்ட வசதி எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். ஒவ்வொரு வேலைக்கும் 14 கட்டம், மணிக்கணக்கு, பட்டை பட்டையாக அட்டவணை. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் அதை நிரப்பிக்கொண்டிருந்தவன் நான் ஒருத்தன்தான். "சார், வேலை செய்யறதா, போன்ல எழுதறதா?" என்று மேஸ்திரி கேட்டார். நியாயமான கேள்வி.

இரண்டாம் முறை நான்கே பத்திகள்: வரப்போவது, நடப்பது, காத்திருப்பது, முடிந்தது. ஒரு வேலைக்கு ஒரு அட்டை. வேலை நகர்ந்தால் அட்டையும் நகரும். டொயோட்டா தொழிற்சாலையில் உதிரிபாகத்தோடு அட்டையை அனுப்பி வேலையை ஓட்டிய 'கான்பான்' முறையின் பேரப்பிள்ளைதான் இது. 2011-ல் வந்த ட்ரெல்லோவைப் பிரபலமாக்கியதும் இந்த அட்டைப் பலகைதான். 2006-ல் தொடங்கிய ஜோஹோ ப்ராஜெக்ட்ஸிலும் இது உண்டு. அந்த ஜோஹோவுக்கு நம் ரேணிகுண்டாவிலேயே அலுவலகம் இருக்கிறது. எதை எடுத்தாலும் இலவசத் திட்டத்தில் ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குவதால், 11 பேருக்கும் கணக்குத் திறக்கத் தேவையில்லை. எங்களுக்கு மூன்று போதுமானதாக இருக்கிறது. மாதம் ஒரு முறை எல்லாத் தகவலையும் இறக்கிச் சொந்தக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்கிறேன்.

எழுத்தைவிடப் படம்

1911-ல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதன் பெரும்பகுதி வட ஆற்காட்டிலிருந்து வந்தது. இன்றும் பட்டறைக்குள் தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்குகின்றன. எனக்குத் தமிழ் எழுத்து, மேஸ்திரிக்குத் தெலுங்கு, ஆர்கான் வெல்டருக்கு இந்தி. எந்த மொழியில் எழுதினாலும் இரண்டு பேருக்குப் புரியாது. அதனால் அட்டையின் தலைப்பில் வேலை எண் மட்டும் போடுகிறோம். கீழே அளவு குறித்த படத்தின் போட்டோ. அதே எண்ணை மார்க்கரால் ஷீட்டிலும் எழுதிவிடுகிறோம். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

'முடிந்தது' என்றால் என்ன?

வெல்டருக்குப் பற்றவைத்ததும் முடிந்தது. எனக்குப் பணம் வந்தால்தான் முடிந்தது. இந்தச் சண்டையைத் தீர்க்க ஒரு விதி போட்டோம்: டேங்கில் தண்ணீர் நிரப்பி ஒரு ராத்திரி நிறுத்த வேண்டும், காலையில் கசிவில்லாத அடிப்பாகத்தின் போட்டோ அட்டையில் ஏறினால்தான் அது கடைசிப் பத்திக்குப் போகும். வாட்ஸ்அப்பை நிறுத்தவில்லை. பேச்சு அங்கே நடக்கட்டும்; முடிவு அட்டைக்கு வந்துவிட வேண்டும்.

தேதி சொல்லும் கணக்கு

"எப்ப தருவீங்க?" என்று கேட்டால் முன்பெல்லாம் வாய்க்கு வந்த தேதியைச் சொல்வேன். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-ல் நிறுவிய ஒரு கணக்கு இதற்குக் கைகொடுக்கிறது. கையில் 12 வேலை இருக்கிறது, வாரத்துக்கு 3 முடிகிறது என்றால், இன்று வரும் வேலை முடியச் சராசரியாக 4 வாரம். இரண்டு எண்ணும் பலகையிலேயே இருக்கின்றன. நாளைக் குறைக்க வேண்டுமானால் வேகத்தைக் கூட்ட வேண்டும், அல்லது எடுத்து வைத்திருக்கும் வேலையைக் குறைக்க வேண்டும். இப்போது 'நடப்பது' பத்தியில் 5 அட்டைக்கு மேல் ஏற விடுவதில்லை. ஆறாவது வேண்டுமென்றால் ஒன்றை முடித்துவிட்டு எடுக்கிறோம்.

காத்திருப்பது யாருக்காக?

நான்கில் அதிகம் கற்றுக்கொடுத்தது மூன்றாம் பத்திதான். அதில் வைக்கும் அட்டையில் இரண்டு விஷயம் கட்டாயம்: யாருக்காக நிற்கிறது, எந்தத் தேதியிலிருந்து. கட்டிங் முதல் பஃபிங் வரை ஒரு சிங்குக்குக் கைவேலை இரண்டு மூன்று நாள்தான். ஆனால் ஆர்டர் பட்டறையில் மூன்று வாரம் கிடந்தது. ஆட்கள் மெதுவாக வேலை செய்கிறார்கள் என்று அதுவரை கத்திக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூஜைக்கு மெஷின்களைத் துடைக்கும்போது பலகையையும் சுத்தம் செய்வது எங்கள் வழக்கம். முதல் வருஷம், காத்திருந்த அட்டைகளில் யார் பெயர் எத்தனை முறை வருகிறது என்று மேஸ்திரியும் நானும் எண்ணினோம். ஷீட் வியாபாரி, வாடிக்கையாளர் என்று பாக்கி எல்லோரையும் தாண்டி நின்றது என் பெயர். படத்துக்கு ஒப்புதல், கொட்டேஷனில் ஒரு கையெழுத்து, வால்வு வாங்க ஒரு 'சரி'. "சார், வேலை உங்ககிட்டதான் நிக்குது" என்றார் மேஸ்திரி, சிரிக்காமல்.

இப்போது காலையில் பட்டறையைத் திறந்ததும் டீ சொல்வதற்கு முன்னால் என் பெயர் உள்ள அட்டைகளைத் தீர்த்துவிடுகிறேன். பத்து நிமிஷ வேலை. அதில் ஏதாவது மிச்சம் இருந்தால், டீ வந்தாலும் மேஸ்திரி கண்ணாடி டம்ளரை என் பக்கம் நகர்த்துவதில்லை.