வட்டும் ஓடணும், நெட்டும் வரணும்: எந்தப் பிளேயரை வாங்கலாம்?



"அண்ணே, சிடியும் ஓடணும், நெட்டும் வரணும், விலையும் கையைக் கடிக்கக் கூடாது. எந்தப் பிளேயர் வாங்கலாம்?" தீபாவளி நெருங்கினாலே எங்கள் கிளை வகுப்பு முடிந்ததும் யாராவது ஒருவர் இப்படிக் கேட்பது வழக்கமாகிவிட்டது. கேட்பவர் பெரும்பாலும் புதிதாக வேலைக்குப் போனவராக இருப்பார். முதல் சம்பளத்தில் வீட்டுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்கணும், அம்மா அப்பா சந்தோஷப்படணும் என்ற ஆசை. நல்ல ஆசைதான். அதனால் இந்தப் பாடத்தை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளேயரை வட்டுக்காக வாங்குங்க, நெட்டுக்காக வாங்காதீங்க. இரண்டும் ஒரே பெட்டியில் வந்தால் நல்லதுதான். ஆனால் அந்த நெட் வசதிக்காக மட்டும் கூடுதலாக நூறு வெள்ளி கொடுப்பது வீண்.

காரணம் இதுதான். ஒரு பிளேயருக்குள் இரண்டு பொருள் இருக்கிறது. ஒன்று, லேசரும் மோட்டாரும் சேர்ந்த வட்டு படிக்கும் பகுதி. மற்றொன்று, யூடியூப், நெட்ஃபிலிக்ஸ் போன்ற செயலிகளை ஓட்டும் சின்னக் கணினி. முதல் பகுதிக்கான விதி மாறவே மாறாது. 1990களின் கடைசியில் அச்சான டிவிடி இன்றைக்கு வாங்கும் பிளேயரிலும் ஓடும். இரண்டாவது பகுதியின் ஆயுள் நம் கையில் இல்லை. எங்கோ இருக்கும் நிறுவனம் தன் இணைப்பு முறையை மாற்றினால் நம் வீட்டுப் பெட்டியில் அந்தச் செயலி அன்றோடு முடிந்தது. 2015இல் யூடியூப் பழைய முறையை நிறுத்தியபோது, 2012இலும் அதற்கு முன்பும் வந்த பல டிவிகளிலும் புளூ-ரே பிளேயர்களிலும் யூடியூப் நின்றுபோனது. 2019 டிசம்பரில் நெட்ஃபிலிக்ஸும் சில பழைய சாதனங்களைக் கைவிட்டது. லேசர் நன்றாகத்தான் இருக்கும், மோட்டார் நன்றாகத்தான் சுற்றும். திரையில் தெரியும் அந்தச் சிவப்புக் குறி மட்டும் வெறும் அலங்காரமாக நிற்கும்.

இன்னொன்று. பிளேயரோடு வரும் செயலிகள் கம்பெனி வைத்ததுதான். நம் வீட்டுப் பெரியவர்கள் பார்க்கும் தமிழ்ப் படமும் தொடரும் எந்தச் செயலியில் வருகிறதோ, அது அந்தப் பட்டியலில் இல்லையென்றால் பிறகு சேர்க்க வழி இருக்காது. மேலும் கொஞ்ச வருடத்துக்குள் வாங்கிய டிவி என்றால் அதிலேயே நெட் வசதி இருக்கும். இருப்பதையே திரும்பக் காசு கொடுத்து வாங்குவானேன்?

சரி, கடைக்குப் போகும் முன்னால் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. அலமாரியில், சாமி ரூம் மேல்தட்டில், பழைய பிஸ்கட் டின்னில் கிடக்கும் வட்டுகளை எல்லாம் கீழே இறக்கிப் பரப்புங்க. பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களில் மூன்று வகை இருக்கும்.

படம் தெளிவாக அச்சாகி, அடிப்பக்கம் வெள்ளி நிறத்தில் மின்னுவது கடையில் வாங்கியது. அடிப்பக்கம் ஊதாச் சாயல் அடித்தால், மேலே மார்க்கர் பேனாவில் "அக்கா கல்யாணம்" என்று எழுதியிருந்தால், அது வீட்டிலோ போட்டோ கடையிலோ பதிவு செய்த டிவிடி. மூன்றாவது வி.சி.டி. ஒரே படத்துக்கு இரண்டு மூன்று வட்டு வரும், பாதியில் எழுந்து போய் மாற்றணும், ஞாபகம் இருக்கா? அதுதான்.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் லேசர். சிடி, வி.சி.டி. படிக்க 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி வேண்டும். டிவிடிக்கு 650, புளூ-ரேக்கு 405. புளூ-ரே பிளேயர் எல்லாவற்றையும் படிக்கணும் என்றால் இந்த மூன்று வகை ஒளியும் அதில் இருக்கணும். ஒளி இருந்தாலும், வி.சி.டி.யில் உள்ள பழைய படமுறையை விரித்துக் காட்டும் மென்பொருளும் இருக்கணும். சிடி பாட்டு ஓடுகிறதே, வி.சி.டி.யும் ஓடும் என்று நினைத்துவிடாதீங்க. பெட்டியின் வெளிப்பக்கத்தில் புளூ-ரே, டிவிடி, சிடி என்று மட்டும் போட்டிருந்தால் வி.சி.டி. ஓடாமல் போகலாம். கையேட்டின் கடைசிப் பக்கங்களில் "ஓடக்கூடிய வட்டுகள்" என்று ஓர் அட்டவணை இருக்கும். அதில் வி.சி.டி. என்றும், டிவிடி-ஆர் என்றும் இருக்கிறதா என்று தேடுங்க. அந்த ஒரு பக்கம்தான் கையேட்டிலேயே முக்கியமான பக்கம் என்பேன்.

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். என் பெரியம்மா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அவர்கள் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்கள். அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவை யாரோ ஒருவர் வீடியோ கேசட்டில் எடுத்து, பிறகு ஒரு கடையில் கொடுத்து வி.சி.டி.யாக மாற்றி வைத்திருந்தார். இப்போது தோட்டம் இல்லை, அந்த இடத்தில் தாமான் வந்துவிட்டது. லயத்து வீடுகளும் இல்லை. அந்த வட்டில் கரகம் புறப்படுகிறது, முன்னால் என் தாத்தா உறுமி அடித்துக்கொண்டு வருகிறார். தாத்தா ஆடி அசைந்து நடப்பதைக் காட்டும் படம் எங்கள் குடும்பத்தில் வேறு எங்கேயும் கிடையாது. அண்ணன் ஆசையாக வாங்கி வந்த புதுப் பிளேயர் அந்த வட்டை உள்ளே இழுத்தது, கொஞ்ச நேரம் முனகியது, "படிக்க இயலவில்லை" என்று வெளியே தள்ளிவிட்டது. பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. வட்டை வாங்கி முந்தானையால் துடைத்து, திரும்ப உறையில் போட்டு வைத்தார். பிறகு பக்கத்து வீட்டில் பரணில் கிடந்த பழைய டிவிடி பிளேயரைக் கேட்டு வாங்கிப் போட்டோம். ஓடியது. வி.சி.டி. படத்தின் அளவு வெறும் 352க்கு 288 புள்ளிதான். பெரிய டிவியில் முகம் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அதற்கே வீட்டில் எல்லாரும் அழுதுவிட்டார்கள்.

கோடிக்கணக்கான வெள்ளி செலவில் எடுத்த படம் ஏதாவது ஒரு செயலியில் என்றைக்காவது திரும்ப வரும். தோட்டத்துக் கோயில் திருவிழா வராது. அதனால்தான் வட்டை முன்னால் வைக்கச் சொல்கிறேன்.

அடுத்தது வட்டார எண். மாமா சென்னைக்குப் போய்விட்டு வரும்போது படம் வாங்கி வருவார், லண்டன் சித்தி ஒன்று அனுப்புவார். டிவிடியில் மலேசியாவும் சிங்கப்பூரும் 3ஆம் வட்டாரம், இந்தியா 5, இங்கிலாந்து 2, ஆஸ்திரேலியா 4. புளூ-ரேயில் நாம் ஏ, இந்தியா சி, இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் பி. தமிழ்ப்பட டிவிடி பலவற்றில் எல்லா வட்டாரத்துக்கும் என்று போட்டிருப்பதால் தப்பித்துக்கொள்வோம். புளூ-ரே வாங்கும்போது உறையின் பின்பக்கம் பார்க்காமல் வாங்கிடாதீங்க. 4கே வட்டுகளுக்கு மட்டும் இந்தத் தொல்லை கிடையாது.

டிவியின் பின்பக்கத்தையும் ஒரு தடவை எட்டிப் பாருங்க. இப்போது வரும் புளூ-ரே பிளேயர்களில் பெரும்பாலானவற்றில் படம் வெளியே வர எச்.டி.எம்.ஐ. மட்டும்தான். பாட்டி ரூமில் இன்னும் பெட்டி டிவி இருந்தால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர் போடும் சாதாரண டிவிடி பிளேயர்தான் சரி. "4கே அளவுக்குப் பெரிதாக்கும்" என்று விளம்பரம் செய்வார்கள். அதற்காகக் காசு கூடக் கொடுக்க வேண்டாம். 4கே டிவி தனக்கு வரும் எந்தப் படத்தையும் தானே பெரிதாக்கித்தான் காட்டும்.

நெட் பக்கம் கவனிக்க வேண்டியது ஒரு சொல் விளையாட்டு. பெட்டியில் "இணைய வசதி" என்று இருக்கும், வைஃபை இருக்காது. சோனியின் பி.டி.பி.-எஸ்1700 அப்படித்தான், கேபிள் இழுத்துச் சொருகணும். அதற்கு அடுத்த எஸ்3700இல் வைஃபை உள்ளேயே உண்டு. மோடம் முன் ஹாலிலேயே டிவிக்குப் பக்கத்தில் இருந்தால் கேபிளே மேல், படம் நின்று நின்று வராது.

வேகத்துக்கு ஒரு கணக்கு. முழு எச்.டி. படத்துக்கு வினாடிக்கு 5 மெகாபிட், 4கேக்கு 15 மெகாபிட் என்று நெட்ஃபிலிக்ஸ் சொல்கிறது. எச்.டி.யில் ஒரு மணி நேரத்துக்கு 3 கிகாபைட் வரை போகும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் என்றால் ஏழரை கிகாபைட். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை நம்பி இருக்கும் வீடுகளில் மாதம் முடிவதற்குள் டேட்டா தீர்ந்துவிடும். அங்கே வட்டுதான் சிக்கனம்.

"அண்ணே, பாசார் மாலாமில் ஒரு கறுப்புப் பெட்டி விற்கிறான், மாசக் கட்டணமே இல்லாமல் எல்லாப் படமும் வருதே?" என்று ஒரு தங்கை கேட்டாள். வருது, உண்மைதான். அது திருட்டு ஒளிபரப்பு. மலேசியாவில் 2022 மார்ச் 18 முதல் நடப்பில் உள்ள பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தின்படி அப்படிப்பட்ட பெட்டியைச் செய்வதும் இறக்குமதி செய்வதும் விற்பதும் குற்றம். 10,000 முதல் 200,000 ரிங்கிட் வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சிங்கப்பூரிலும் 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டம் இப்படிப்பட்ட பெட்டி விற்பவர்களைப் பிடிக்கிறது. நம் பிள்ளைகள் சிலர் பகுதி நேரமாக இதை விற்றுக் கொடுத்துக் கமிஷன் வாங்குகிறார்கள் என்று காதில் விழுகிறது. வேண்டாம்பா.

இனி கடைக்குப் போகலாம். போகும்போது வீட்டிலிருந்து மூன்று வட்டு எடுத்துட்டுப் போங்க: ஒரு வி.சி.டி., ஒரு ஊதா அடிப்பக்க டிவிடி, இந்தியாவில் வாங்கிய ஒன்று. மூன்றையும் போட்டுக் காட்டச் சொல்லுங்க. கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. ஓடும்போது நடுவில் ஓர் இடத்துக்குத் தாவச் சொல்லிப் பாருங்க, பலவீனமான லேசர் அங்கேதான் திணறும். ரிமோட்டைக் கையில் வாங்கி எழுத்து பெரிசா, பட்டன் அழுத்தமா என்று பாருங்க. அதை அழுத்தப் போவது நீங்கள் இல்லை, பாட்டி.

விலை நிலவரம். நூறு, நூற்றைம்பது வெள்ளிக்குள்ளேயே சாதாரண டிவிடி பிளேயர் வந்துவிடும். புளூ-ரே அதைப்போல் இரண்டு மூன்று மடங்காவது இருக்கும். புளூ-ரே பிளேயர் செய்யும் கம்பெனிகளும் குறைந்துகொண்டே வருகின்றன. ஒப்போ 2018இல் நிறுத்தியது, எல்ஜி 2024இல் நிறுத்தியது. சோனி, பானாசோனிக் இன்னும் செய்கின்றன. ஆகவே வீட்டில் புளூ-ரே வட்டு ஒன்றுகூட இல்லை என்றால் என் யோசனை: எச்.டி.எம்.ஐ. உள்ள டிவிடி பிளேயர் ஒன்று, டிவியில் நெட் இல்லாவிட்டால் தனியாக ஒரு டிவி ஸ்டிக். ஸ்டிக்கின் செயலி பழசானால் அதை மட்டும் மாற்றினால் போதும், பிளேயர் அப்படியே இருக்கும். புளூ-ரே வட்டு நிறைய வைத்திருப்பவர்கள், படத்தின் தெளிவில் பைத்தியமாக இருப்பவர்கள், வைஃபை உள்ள புளூ-ரே பிளேயரே வாங்கலாம், தப்பில்லை. டிவிடி படம் 720க்கு 576 புள்ளி, புளூ-ரே 1920க்கு 1080. பெரிய திரையில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

யு.எஸ்.பி. துளையும் இருக்கட்டும். ஆனால் பென்டிரைவ் பழைய எஃப்.ஏ.டி.32 முறையில் இருந்தால் 4 கிகாபைட்டுக்கு மேல் உள்ள ஒரே கோப்பு அதில் ஏறாது. பெரிய படம் ஏறவில்லை என்றால் பிளேயரைத் திட்டாதீங்க.

பிளேயர் வீட்டுக்கு வந்த வாரமே இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்க. ஊதா வட்டுகளில் படம் நிற்பது சாயத்தில். வெயிலிலும் சூட்டிலும் அந்தச் சாயம் மெல்ல மங்கும், நம் ஊர் வெக்கையைச் சொல்லவே வேண்டாம். கணினியில் டிவிடி டிரைவ் இல்லையென்றால் யு.எஸ்.பி.யில் மாட்டும் டிரைவ் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்குங்க. வட்டை நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் மென்துணியால் துடைங்க, வட்டமாகத் துடைக்காதீங்க. வி.சி.டி.யைத் திறந்தால் "எம்பெக்ஏவி" என்ற கோப்புறைக்குள் படம் இருக்கும். வீட்டு டிவிடியில் "வீடியோ டி.எஸ்." என்ற கோப்புறை. அவற்றை அப்படியே கணினிக்கு நகல் எடுங்க, வி.எல்.சி. என்ற இலவச மென்பொருளில் ஓடும். ஒரு டிரைவ் படிக்காத வட்டை இன்னொரு டிரைவ் படிப்பதும் உண்டு, ஒரு தடவை முடியவில்லை என்று தூக்கிப் போட்டுவிடாதீங்க.

நகல் ஓடும்போது பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, யார் யார் தெரிகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்க. ஆண்டு, ஊர், தோட்டத்தின் பெயர், ஆட்களின் பெயர், எல்லாம் கோப்பின் பெயரிலேயே வரட்டும். ஒரு நகல் உங்களிடம், ஒன்று வேறு வீட்டில் இருக்கும் அண்ணனிடமோ அக்காளிடமோ.