கொலு பொம்மைக்கு எந்த வர்ணம் வாங்கலாம்?



மதுரை விளாச்சேரி, பண்ருட்டி பக்கம் கொலு பொம்மை செய்வது பல குடும்பங்களுக்குப் பிழைப்பு. வாங்குபவர்கள் வருஷா வருஷம் பொம்மையைத் துடைத்து வைப்பார்கள். அப்போது சாயம் துணியில் ஒட்டினால், அடுத்த ஆர்டர் நமக்கு வராது.

எது நல்லது?
போஸ்டர் கலர் காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் கரையும். எனாமல் கரையாது, ஆனால் காய நேரமாகும், வாடையும் அதிகம். அக்ரிலிக்கைத் தண்ணீரில் கலந்து பூசலாம். சீக்கிரம் காயும், காய்ந்தபின் கரையாது.

சோதித்து வாங்குவோம்
முதலில் சின்ன டப்பா போதும். உடைந்த பொம்மைத் துண்டில் பூசி, ஒரு நாள் கழித்து ஈரத்துணியால் தேய்த்துப் பார்ப்போம். இன்னொரு துண்டில் பாதியை அட்டையால் மூடி, 2 வாரம் வெயிலில் வைப்போம். வெளுத்தால் அந்த வர்ணம் வேண்டாம்.

கணக்கு
உதாரணமாக, 40 ரூபாய் டப்பாவில் 8 பொம்மை பூசினால், ஒன்றுக்கு 5 ரூபாய். 60 ரூபாய் டப்பாவில் 15 பூசினால் 4 ரூபாய்தான். எது மலிவு?

ஈயம் ஜாக்கிரதை
ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். வீட்டு, அலங்கார பெயின்டில் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. லேபிள் இல்லாத லூஸ் பெயின்ட் வாங்கவே கூடாது.

பூசும்போது
நன்றாகக் காய்ந்த பொம்மைக்கு முதலில் வெள்ளை அடிக்கணும். அதன்மேல்தான் மஞ்சளும் சிவப்பும் எடுப்பாகத் தெரியும். கெட்டியாக ஒரு பூச்சு வேண்டாம். மெல்லிசாக இரண்டு பூசுவோம். பிரஷ்ஷை உடனே கழுவணும்.

சோதித்த துண்டுகளைக் குழுக் கூட்டத்தில் எல்லோரும் பார்த்து, தீர்மானம் எழுதி, பிறகு மொத்தமாக வாங்குவோம்.