அழவில்லை என்றால் கல்மனசா?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு அடிவாரம் வழியாகவும் போகலாம், குப்பனூர் வழியாகவும் போகலாம். இரண்டுமே மலைப்பாதைதான். 2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கிய தனியார் பஸ் ஒன்று அடிவாரம் பாதையில் கவிழ்ந்து, சிலர் உயிரிழந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். இப்படிப்பட்ட விபத்துகளில் எலும்பு முறிந்தால் மாவுக்கட்டு போடுகிறோம். மனசு அடிபட்டால்?

குப்பனூரில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விபத்தில் தம்பி போய்விட்டான். சின்னக் கீறலோடு தப்பி வந்த அண்ணன் அழவே இல்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம், "காபி சாப்பிடறீங்களா?" என்கிறார். உடனே கிசுகிசுப்பு: "கூடப் பொறந்தவன் செத்துக் கிடக்கான், ஒரு சொட்டுக் கண்ணீர் வரலையே. கல்மனசு!"

அவசரப்பட்டுத் தீர்ப்பு சொல்லாதீர்கள். கரண்ட் அதிகமானால் வீட்டில் ஃபியூஸ் போகிறதல்லவா? அதுபோல, தாங்க முடியாத அதிர்ச்சி வரும்போது மனசு உணர்ச்சியைத் தற்காலிகமாகத் துண்டித்துவிடுகிறது. டாக்டர்கள் இதை 'டிஸோசியேஷன்' என்கிறார்கள். பிரெஞ்சு நிபுணர் பியர் ஜானே 1889-லேயே இதைப் பற்றி விரிவாக எழுதினார். "எல்லாம் சினிமா பார்க்கிற மாதிரி இருந்தது" என்பார்கள். சிலருக்கு நடந்தது ஞாபகமே இருக்காது. சிலர் குரல் மாறிப் பேசினால், "பேய் பிடிச்சிருக்கு" என்று வேப்பிலை அடிக்கக் கூட்டிப் போகிறோம். அது பயத்தைத்தான் கூட்டும். தலையில் அடி, வலிப்பு இருக்கிறதா என்று முதலில் டாக்டர் பார்க்கட்டும்.

அப்படியானால் நிஜமாகவே மனசாட்சி இல்லாதவர்கள் கிடையாதா? உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் ஹெர்வி கிளெக்லி 1941-ல் அவர்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். ஆனால் அவர்கள் கல் மாதிரி இருப்பதில்லை. இனிக்க இனிக்கப் பேசுவார்கள், தேவைப்பட்டால் அழவும் செய்வார்கள். கூசாமல் பொய், பிறரைப் பயன்படுத்திக் கொள்வது, செய்த தப்புக்கு வருத்தமே இல்லாமை: இவை வருஷக்கணக்கில் தொடர்ந்தால்தான் சந்தேகம் வர வேண்டும். கண்ணீரை வைத்து எடை போடக் கூடாது.

இது சாவு வீட்டோடு முடிகிற விஷயமில்லை. புருஷனிடம் அடிபட்ட பெண் போலீஸ் ஸ்டேஷனில் முகத்தில் சலனமே இல்லாமல், முன்னுக்குப் பின்னாகச் சொன்னால், "பொய் சொல்றா" என்று தள்ளிவிடுகிறோம். அதிர்ச்சியே அவளை அப்படிப் பேச வைத்திருக்கலாம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

● "அழுதுடு, எல்லாத்தையும் சொல்லிடு" என்று வற்புறுத்தாதீர்கள். பேசினால் கேளுங்கள்.

● சாப்பாடு, தூக்கம், பக்கத்தில் ஒரு துணை. முதல் வாரம் இவைதான் மருந்து.

● மருந்துக் கடையில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்கித் தராதீர்கள். இந்த அதிர்ச்சிக்கு முதல் மாதத்தில் 'பென்ஸோடயஸிபைன்' வகை மாத்திரைகள் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2013-ல் அறிவுறுத்தியது.

● கெட்ட கனவு, திடுக்கிடல், மரத்துப்போன மனசு ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலேயே இதற்குப் பிரிவு உண்டு. 14416-க்கும் இலவசமாக போன் செய்யலாம்.

● "செத்துடலாம்னு இருக்கு" என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். தனியாக விடாமல் அன்றே கூட்டிப் போங்கள்.

துண்டித்துப் போன உணர்ச்சி ஒரு நாள் திரும்பி வரும். அன்றைக்கு அந்த அண்ணன் உடைந்து அழும்போது, கல்மனசு என்று சொன்னவர்கள் வீட்டில் இல்லாமல், தோள் கொடுக்கிறவர்கள் இருக்கட்டும்.