படகு தயார், துறை தயாரா?

காதர்பேட்டைக் கடை வாசல்களில் பனியன் மூட்டைகளை வேனில் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். மூட்டைகள் ஏற ஏற, வேனின் தளம் சற்றுத் தாழும். அடியிலுள்ள வில்கள் அமுங்குவதே காரணம். வில் இல்லாத படகும் பாரம் ஏறினால் தாழ்கிறதே, அது எவ்வளவு தாழும்? ஓர் ஊரில் படகுப் போக்குவரத்தைத் தொடங்குபவர்கள் முதலில் விடை காண வேண்டிய கேள்விகளுள் இதுவும் ஒன்று.

தலைக்கு 60 கிலோகிராம் எடையுள்ள 100 பயணிகள் ஏறுவதாகக் கொள்வோம். மொத்தம் 6000 கிலோகிராம். ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி, படகு அதே எடையுள்ள தண்ணீரை, அதாவது 6 கன மீட்டரை, கூடுதலாக விலக்க வேண்டும். நீர்மட்டத்தில் படகின் பரப்பு 60 சதுர மீட்டரானால், அது 10 சென்டிமீட்டர் தாழும்.

கடலோரக் காயலாக இருந்தால் ஏற்றவற்றமும் உண்டு. நீர்மட்டமே ஏறி இறங்கும். கல்லால் கட்டிய துறையோ அசையாது. காலையில் படகுக்குச் சமமாக இருந்த மேடை மாலையில் உயர்ந்து நிற்கும். முதியவர் தயங்குவார். சக்கர நாற்காலியில் வந்தவர் கரையிலேயே நின்றுவிடுவார்.

2023 ஏப்ரல் 25 அன்று தொடங்கிவைக்கப்பட்ட கொச்சி வாட்டர் மெட்ரோவில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 10 தீவுகளை இணைக்க 78 படகுகளும் 38 துறைகளும் கொண்ட திட்டம் அது. அங்கே படகு அணையும் மேடையும் மிதக்கிறது! தண்ணீர் ஏறினால் படகும் மேடையும் சேர்ந்தே ஏறும். தளங்கள் ஏறக்குறையச் சமமாகவே இருக்கும்.

இதனால் நேரமும் மிச்சமாகிறது. அக்கரை செல்ல 20 நிமிடம், ஒவ்வொரு துறையிலும் நிற்க 10 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படகு போய்த் திரும்பி மீண்டும் புறப்பட 60 நிமிடம் ஆகும். 15 நிமிடத்துக்கு ஒரு படகு விட, 4 படகுகள் போதும். ஏறி இறங்குவதில் ஒவ்வொரு துறையிலும் 5 நிமிடம் வீணானால் சுற்று 70 நிமிடமாகும். ஐந்தாவது படகு வாங்க வேண்டும்! கொச்சிப் படகுகள் மின்கலத்தால் ஓடுபவை. துறையில் நிற்கும் 10, 15 நிமிடத்துக்குள் அவற்றை மின்னேற்றலாம். எனவே அந்த நேரமும் பயனாகிறது.

எல்லாவற்றிலும் முக்கியமானது எண்ணிக்கை. 2002 ஜூலை 27 அன்று கேரளத்தின் குமரகம் அருகே, அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 29 பேர் இறந்தனர். படகு எத்தனை பேரைத் தாங்கும் என்பதைக் கணக்கிட்டால் மட்டும் போதாது. அத்தனை பேருக்குமேல் ஏறாதபடி துறையிலேயே தடுக்க வேண்டும். கொச்சியில் பயணிகள் வாயிற்கதவுகளில் எண்ணப்பட்டே உள்ளே விடப்படுகிறார்கள்.

வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். வாளித் தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தை மிதக்கவிட்டு, ஒரே அளவுள்ள நாணயங்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எத்தனையாவது நாணயத்தில் தண்ணீர் விளிம்பைத் தொடுகிறது? அந்த எண்ணையே அனுமதிக்கலாமா, அல்லது அதற்கு வெகு முன்பே நிறுத்த வேண்டுமா? வாளியை லேசாக அசைத்துப் பாருங்கள், விடை தெரியும்.