கொழும்புச் சேர்வரும் கல்முனைப் பதிலும்

அன்பு மருமகனுக்கு,

நீ அனுப்பிய வரைபடத்தைப் பார்த்தேன். கொழும்பில் பிரதான தரவுத்தளம், கல்முனையில் அதன் பிரதி. பிரதி ‘ஓகே’ சொன்ன பிறகுதான் வாடிக்கையாளருக்கு ‘பணம் வரவு’ என்று காட்டுவாய். தூரத்தில் வைத்தது நல்லது. 2004 டிசம்பர் 26இல் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கடல் ஏறியதைக் கண்டவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. எனக்கு உறுத்துவது அந்த ‘ஓகே’தான்.

மருதமுனைக் கைத்தறிச் சாரிப் பொதியொன்றை இரவு பஸ்ஸில் புறக்கோட்டைக்கு ஏற்றிவிட்டால், காலையில் கடைக்காரர் கோல் எடுப்பார். பொதி வாசலில் இறங்கியதா, உள்ளே வைத்துப் பூட்டியாயிற்றா, பிரித்துத் தட்டில் அடுக்கியாயிற்றா? மூன்றுக்கும் ஒரே ‘ஓகே’ என்றால் வாசலில் மழை பிடித்த பொதிக்கு யார் பொறுப்பு? போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் இந்த மூன்றையும் பிரித்தே வைத்திருக்கிறது. பிரதி அனுப்பும் பதிலில் மூன்று இடங்கள் குறித்திருக்கும்: எதுவரை எழுதினேன், எதுவரை டிஸ்கில் பதித்தேன், எதுவரை தரவுத்தளத்தில் ஏற்றினேன். முதலாவது, இயங்குதளத்தின் நினைவகம் மட்டும்தான். கரண்ட் போனால் அதுவும் போகும். பணக் கணக்கென்றால் இரண்டாவதற்குக் குறைந்த எதையும் ஏற்காதே. மூன்றாவது, கல்முனையில் இருப்பவர் அந்த நிமிடமே மீதியைப் பார்க்க வேண்டுமென்றால்தான் தேவை, 2016இல் 9.6ஆம் பதிப்போடு வந்தது அது.

அந்த இடங்கள், மாற்றங்களை வரிசையாக எழுதிச்செல்லும் பதிவேட்டில் உள்ள இடங்கள், தனித்தனி ரசீதுகள் அல்ல. ‘இதுவரை பதித்துவிட்டேன்’ என்ற ஒரு பதில், அதற்கு முன் காத்திருக்கும் நூறு கொடுக்கல்வாங்கலையும் சேர்த்து விடுவிக்கும். உன் வரைபடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் இருக்கிறது, அதை அடித்துவிடு. கேபிள் 300 கிலோமீற்றர் என்று வைத்தாலும் போய்வர ஒளிக்கே 3 மில்லி செக்கன் வேண்டும். அதை நீ குறைக்க முடியாது, கூட்டமாக விடுவிக்கத்தான் முடியும்.

பதில் வராவிட்டால் ‘தோல்வி’ என்று எழுதியிருக்கிறாய். பெரிய பிழை இதுதான். போஸ்ட்கிரெஸ் தன் டிஸ்கில் பதித்துவிட்டுத்தான் பிரதிக்குக் காத்திருக்கும். இடையில் காத்திருப்பை வெட்டினாலும் கொழும்பில் வரவு விழுந்தேயிருக்கும். ‘நடக்கவில்லை’ என்று நீ சொன்னால் அந்த மனுஷன் மறுபடி அழுத்துவார், காசு இரண்டு தரம் போகும். தெரியாததைத் தெரியாது என்றே காட்டு. கோரிக்கை புறப்படும் இடத்திலேயே ஓர் எண் கொடு. அதே எண் மறுபடி வந்தால் பிடிபடும்.

இன்னொரு தரவுத்தளமான மைஎஸ்கியூஎல்லின் அரை-ஒத்திசைவு முறை வேறு வழியில் போகும். மாற்றாமல் விட்டால் 10 செக்கன் காத்திருந்து, பிறகு பிரதியைப் பாராமலே ஓடத் தொடங்கும். வேலை நிற்காது. லொக் ஃபைலைத் திறந்து பார்க்காத ஒருவருக்கு அப்படி ஓடுவது தெரியவும் தெரியாது. எனக்குப் பிடிவாதமாகக் காத்திருக்கும் போஸ்ட்கிரெஸ்தான் பிடிக்கும். ஆனால் ஒரே பிரதியை வைத்துக்கொண்டு பிடிவாதம் பிடித்தால், கல்முனையில் கரண்ட் போகக் கொழும்பும் நின்றுவிடும். கண்டியில் இன்னொன்று வை. இரண்டில் எது பதித்தாலும் போதும் என்று சொல்லிவை. 2017இல் வந்த பத்தாம் பதிப்பிலிருந்து அது முடியும்.

பிரதி இருக்கிறதென்று காப்புப் பிரதியை விட்டுவிடாதே. அழிக்கச் சொன்னாலும் பிரதி அதையும் பதித்து ‘ஓகே’ சொல்லும். 2023இல் இலங்கை அரச கிளவுட் மீது ரான்சம்வெயார் தாக்குதல் நடந்தபோது, மே 17 முதல் ஒகஸ்ட் 26 வரையான அரச அலுவலக மின்னஞ்சல்கள் போயின; அந்தக் காலத்துக்குத் தனியாக எடுத்துவைத்த காப்பு இருக்கவில்லை.

லீவுக்கு ஒலுவிலிலிருந்து வரும்போது பழைய கணினி இரண்டு கொண்டு வா. வரவுகள் விழுந்துகொண்டிருக்கும்போதே பிரதியின் பிளக்கைப் பிடுங்குவோம். திரும்ப ஏற்றியதும், அது கடைசியாக ‘பதித்தேன்’ என்று சொன்ன வரவைத் தேடு. சில மலிவு டிஸ்க்குகள் பதிக்காமலே பதித்ததாகச் சொல்லும். அப்படியொன்று அகப்பட்டால் அதைத் தனியே எடுத்துவை, எனக்கு வேண்டும்.

வஸ்ஸலாம்,
மாமா