பழைய காரில் ஒரு கதவுக்கு மட்டும் பெயின்ட் அடிக்கப் போகிறீர்களா?

முழு வண்டிக்கும் பெயின்ட் அடிப்பது செலவு பிடிக்கிற வேலை. ஒரே ஒரு கதவுக்கு அடிப்பதுதான் கஷ்டமான வேலை. முழுசாக அடித்தால் கலர் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஒரு பகுதிக்கு மட்டும் அடித்தால் பக்கத்துத் தகடே காட்டிக்கொடுத்துவிடும்.

மதுரை கே.கே. நகரில் எங்கள் வீட்டுப் போர்டிகோவில் நிற்பது அப்பா காலத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959-இல் வந்த ட்ரையம்ப் ஹெரால்டை, சென்னை வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் இங்கே தயாரித்தது. வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. எங்களுடையது இரண்டு கதவு மாடல், இளநீலம். எண்பதுகளில் அப்பா அதே நிறத்தில் ஒருமுறை முழு வண்டிக்கும் அடித்ததோடு சரி. கோர்ட் பக்கம் நெரிசலில் ஒரு தண்ணீர் லாரி இடது கதவை உரசிவிட்டுப் போக, பட்டி டிங்கரிங் பார்க்க வேண்டியதாயிற்று. அந்த வேலையில் கூடவே நின்று பார்த்ததில் தெரிந்துகொண்டவை இவை.

எந்த நீலம்?

கதவின் ரப்பர் பீடிங்கைக் கழற்றினோம். அதற்கு அடியில், வெயிலே படாத இடத்தில், பளிச்சென்ற நீலம். ஒரு விரற்கடை தள்ளி வெளித்தகட்டில் லேசாகப் பச்சை ஓடிய நீலம். ஒரே டப்பாவிலிருந்து, ஒரே நாளில் அடித்த பெயின்ட்தான் இரண்டும்.

அந்தக் காலத்தில் கார்களுக்கு அடித்தது என்.சி. பெயின்ட், அதாவது நைட்ரோ செல்லுலோஸ். பழைய ஆட்கள் இன்னும் ‘டூகோ’ என்றுதான் சொல்வார்கள். அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி 1920-களில் கொண்டுவந்த பெயின்டின் பெயர் அது. வருஷக்கணக்கில் வெயிலில் நின்றால் இந்த என்.சி. மஞ்சளிக்கும். நீலத்தில் மஞ்சள் ஏறினால் பச்சை தட்டத்தானே செய்யும்? கூரையும் பானட்டும் நேர் வெயில் வாங்குவதால் அதிகம் மாறியிருக்கும், கதவுகள் குறைவாக மாறியிருக்கும். ஆக ஒரே காரில் மூன்று நான்கு நீலம் இருக்கும்.

ஆகவே பகுதி வேலை என்றால், புதுசில் வண்டி என்ன நிறம் என்று தேடி அலையாதீர்கள். பெயின்ட் அடிக்கப்போகும் இடத்துக்கு இரண்டு பக்கமும் உள்ள தகடு இன்றைக்கு என்ன நிறமோ அதுதான் உங்கள் கணக்கு. எங்கள் கதவுக்கு முன்னே பானட்டின் பக்கவாட்டு, பின்னே மட்கார்டு. அந்த இரண்டையும் முதலில் ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்துவிட வேண்டும். மேலே படிந்த மங்கலை எடுக்காமல் கலர் பார்த்தால், பாலிஷ் போட்ட அன்று புதுக் கதவு தனியாகத் தெரியும்.

டப்பாவில் பார்க்காதீர்கள்

கடைக்கு ஒரு துண்டு சாம்பிளைக் கொண்டுபோவதைவிட வண்டியையே ஓட்டிக்கொண்டு போவது நல்லது. மெஷின் வைத்து நிறத்தை அளந்து ஃபார்முலா கொடுக்கும் கடைகள் இப்போது உண்டு. மெஷின் பக்கத்தில் கொண்டுவந்து விடும். மீதித் தூரத்தைக் கண்தான் கடக்க வேண்டும். பழைய பெயின்டில் இருந்த நிறமிகள் வேறு, இன்றைய டின்டர்கள் வேறு. கடை டியூப்லைட்டில் அச்சாக ஒத்துப்போகும் நிறம், வாசலுக்கு வந்ததும் பிரிந்து நிற்கும். காலை நிழலில், உச்சி வெயிலில், ராத்திரி தெருவிளக்கில் என மூன்று வெளிச்சத்திலும் பார்த்துவிடுங்கள். மூன்றிலும் ஒத்துவராவிட்டால், பகல் வெளிச்சத்துக்கே முதல் மரியாதை.

கலக்கிய பெயின்டைக் குச்சியில் தொட்டு நான் கதவருகே கொண்டுபோனபோது பெயின்டர் தடுத்தார்.

“சார், டப்பாவுல பாக்காதீங்க. ஈரத்துல எல்லாக் கலரும் பொய் சொல்லும்.”

“அப்புறம் எதுல பாக்குறது பாய்?”

“கார்டுல அடிச்சு, காயவிட்டு, தகட்டுல வச்சுப் பாருங்க. கோடு தெரியலைன்னா அடிச்சிரலாம்.”

அவர் சொன்னதில் காரணம் இருக்கிறது. வெளிர் நிறங்களில் வெள்ளை நிறமி கனமானது; காய்வதற்குள் அது கீழே இறங்க, மற்ற நிறமிகள் மேலே நிற்கும். அதனால் காய்ந்ததும் ஒரு சாயல் அடர்த்தி கூடும். சாம்பிள் கார்டிலும் கதவில் போடும் அதே பிரைமர், அதே கன், அதே எண்ணிக்கையில் கோட். சிவப்பும் மஞ்சளும் அடி நிறத்தை எளிதில் மறைக்காதவை. பிரைமர் நிறம் மாறினால் மேல் நிறமும் மாறிவிடும்.

கார்டைப் பார்க்கும்போது மூன்று கேள்வி. வெளிர்ந்திருக்கிறதா, அடர்ந்திருக்கிறதா? எந்த நிறத்தின் பக்கம் சாய்கிறது? பளிச்சென்று இருக்கிறதா, மங்கியிருக்கிறதா? எங்கள் முதல் கார்டு சுத்த நீலமாக நின்றது. மஞ்சள் ஆக்ஸைடு சொட்டுச் சொட்டாகச் சேர்த்ததும் பச்சைச் சாயல் வந்தது, ஆனால் புதுக்கருக்கு போகவில்லை. ஊசிமுனை அளவு கறுப்பு சேர்ந்த பிறகுதான் வயசு தெரிந்தது. சேர்க்கும் ஒவ்வொன்றையும் சின்ன எலெக்ட்ரானிக் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். கூட்டியதைத் திரும்ப எடுக்க முடியாது.

எங்கே நிறுத்துவது?

ஹெரால்டில் ஒரு வசதி. அடியில் தனிச் சேசிஸ். மேலே பாடி துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டியது. முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாக முன்னால் சாய்ந்து திறக்கும். பகுதிக்குப் பகுதி இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் நிறுத்தினால் சிறு வித்தியாசத்தைக் கண் மன்னித்துவிடும். கதவின் பாதியில் மட்டும் அடித்து நிறுத்தச் சொல்லாதீர்கள். விளிம்பு முதல் விளிம்பு வரை அடியுங்கள். அம்பாசிடர் மாதிரி பின் மட்கார்டும் கூரையும் ஒட்டிப்போகும் வண்டிகளில், நிறத்தைப் பக்கத்துத் தகட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையவிட்டு முடிக்கத் தெரிந்த கை வேண்டும். மெட்டாலிக் நிறத்துக்கும் அதுவே வழி. அதில் கன் பிரஷர் மாறினாலே சாயல் மாறும்: ஈரமாக விழுந்தால் அடர்த்தி, வறட்சியாக விழுந்தால் வெளிர்.

பழைய பெயின்ட் எந்த ஜாதி என்று பார்க்கத் தின்னர் நனைத்த பஞ்சு போதும். கண்ணில் படாத ஓரத்தில் தேயுங்கள். பஞ்சில் நிறம் கரைந்து வந்தால் என்.சி.; சுருங்கித் தூக்கினால் சின்தெடிக் எனாமல்; ஒன்றும் ஆகாவிட்டால் ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே. முதல் இரண்டின் மேல் நேராக டூ-கே அடித்தால் அடிப்பெயின்ட் பொங்கிச் சுருங்க வாய்ப்பு அதிகம். மற்ற பகுதிகள் என்.சி.யாக இருந்ததால் கதவையும் தகடு வரை சுரண்டி என்.சி.யே அடித்தோம். பளபளப்பும் ஒத்துப்போகும், இனி மங்கினாலும் சேர்ந்தே மங்கும். டூ-கே அடிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அதன் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. வாயில் கட்டும் கைக்குட்டை அதைத் தடுக்காது.

மதுரை வெயிலும் காற்றும்

கத்திரி வெயிலில் பெயின்ட் தகட்டைத் தொடுவதற்குள் தின்னர் ஆவியாகிவிடும். மேற்பரப்பு சொரசொரப்பாகி நிறம் வெளுத்துக் காட்டும். மெதுவாகக் காயும் தின்னர் கேட்டு வாங்குங்கள். ஐப்பசி அடைமழையில் நேர் எதிர்: தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுக்கும், என்.சி. மேல் வெள்ளை பூக்கும். ஆடியில் அம்மியே பறக்கும்போது புழுதியைச் சொல்ல வேண்டாம். மழை இல்லாத நாளாகப் பார்த்து, தரையில் தண்ணீர் தெளித்து, காற்று கிளம்புவதற்குள் காலையிலேயே அடித்து முடிப்பதுதான் இங்கே சரி.

ஆர்.சி. புத்தகத்தில் நிறம் பதிவாகியிருக்கும். அதே நிறத்தில் பகுதி வேலைக்குப் பிரச்சினை இல்லை. மொத்த நிறத்தையும் மாற்றுவதென்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிய வேண்டும். பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் ராணுவப் பச்சைக்கு ஆசைப்பட வேண்டாம். 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள்படி அது பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும்.

மிச்சப் பெயின்டைக் காற்று புகாத பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பி, ஃபார்முலாவை எழுதி ஒட்டி நிழலில் வையுங்கள். பெயின்டரிடம் கூலி பேசும்போது, சாம்பிள் அடித்துப் பார்க்கிற நேரத்துக்கும் சேர்த்தே பேசிவிடுங்கள். “ரெண்டு நாள்ல வேணும்” என்று நெருக்கினால் அவர் முதலில் விடுவது அந்தக் கார்டைத்தான்.